மஞ்சள் கட்டத்தில் ஒன்பது

"சார், சுவத்துப் பட்டைக்கு யாரோ கையால கலர் மாத்தறாங்க!"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் நின்றிருந்தான். எந்தப் பொருளையும் திறந்து உள்ளே பார்க்காமல் விடமாட்டான் என்பதால் அந்த லிஃப்ட் கம்பெனி டிப்போவில் அவனுக்குத் துருவி என்றே பெயர்.

"எந்தப் பட்டை?"

"வாரா வாரம் சுவத்து டிவியில சார்ட் போடறீங்களே, அதுதான் சார்."

ஒவ்வொரு மெக்கானிக்கும் அந்த வாரம் எத்தனை லிஃப்டைச் சரிசெய்தான் என்று ஆளுக்கொரு பட்டை. பன்னிரண்டுக்குக் கீழே போனால் சிவப்பு. பதினெட்டு வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பென்றால் மூட்டை முடிச்சோடு தூரத்து டிப்போவுக்குப் போகவேண்டியதுதான். போன மாதம் துருவியின் சிநேகிதன் அப்படித்தான் போனான். அவன் சாப்பிட்டுவிட்டு லிஃப்டுக்குள்ளேயே குறட்டை விடுகிறவன் என்பது வேறு விஷயம்.

"ஆபீஸ் அக்காவோட கொழுந்தனும் இங்கதானே சார் மெக்கானிக்? ஆறு மாசமா அவன் பட்டை சிவப்பையே பார்க்கல. சார்ட் போடறது அக்கா. நெருப்பில்லாம புகையுமா?"

"சும்மா சொன்னா ஆச்சா? நீயே கம்ப்யூட்டர்ல அந்த ஷீட்டைத் திறந்து பாரு. மூணு மணிக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லு. மாத்தினது யாரா இருந்தாலும் திங்கக்கிழமை தூரத்து டிப்போதான்."

மதியம் துருவி ஆபீஸ் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். எல்லா மெக்கானிக்கும் தங்கள் எண்ணிக்கையை அதில்தான் அடிப்பார்கள். பக்கத்து மேஜையில் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். நம்பரை அடிச்சதும் பட்டை எப்படி தானா கலர் மாறுது?"

அக்கா சிரித்தாள். "லிஃப்டையே பிரிச்சு மேயறவருக்கு இதைக் கேக்க இத்தனை நாளாச்சா, தம்பி? உங்க பேருக்குப் பக்கத்துல மூணு கட்டம் இருக்கு பாருங்க. சிவப்புக்கு ஒண்ணு, மஞ்சளுக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு. மூணுலயும் ஃபார்முலா உக்காந்திருக்கு. நீங்க அஞ்சுன்னு அடிச்சா சிவப்புக் கட்டம் அதை வாங்கிக்கும். பதினஞ்சுன்னா மஞ்சள் வாங்கிக்கும். எந்தக் கட்டத்துல நம்பர் விழுதோ, அந்தக் கலர்ல பட்டை எழும்பும். நாம எதுவும் பண்ண வேண்டாம்."

அட, இவ்வளவுதானா! துருவிக்கு வந்த வேலைகூட ஒரு நிமிடம் மறந்துபோயிற்று.

"யாராவது ஃபார்முலாவை அழிச்சிட்டு, கையால நம்பரை அடிச்சா?"

அக்காவின் கை பாதியில் நின்றது.

"அடிச்ச கட்டத்தோட கலர்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, மிச்சச் சாப்பாட்டோடு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மாட்டினீங்களா அக்கா! துருவி கொழுந்தனின் வரிசையைப் பிடித்தான். இருபத்தாறு வாரம். ஒவ்வொரு கட்டமாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் ஃபார்முலா. எண்கள் பதினாறு, பத்தொன்பது, இருபத்தொன்று என்று போய்க்கொண்டே இருந்தன. அந்த ஆள் நிஜமாகவே மாடாய் உழைத்திருந்தான்.

துருவிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் கை கேட்கவில்லை. மற்ற வரிசைகளையும் தட்டிக்கொண்டே போனவன், ஏழாவது வரிசையில் நின்றான்.

மஞ்சள் கட்டத்தில் ஃபார்முலா இல்லை. வெறும் ஒன்பது. யாரோ கையால் அடித்தது. சிவப்புக் கட்டத்தைத் துடைத்து வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் ஏழு. அதற்கும் அடுத்த வாரம் பத்து. மூன்றும் மஞ்சளில். சுவரில் எல்லோரும் கலரைத்தான் பார்க்கிறார்கள், உயரத்தை யார் அளந்தார்கள்!

அகப்பட்டான் திருடன் என்று பெயரைப் பார்த்தான்.

அவன் பெயர்.

அவன் மனைவி ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரங்கள் அவை. பாதி நாள் வார்டு, பாதி நாள் வேலை. எண்ணை அடித்துவிட்டு, சுவரைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ஓடுவான். மூன்று வாரச் சிவப்பும் மேனேஜர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது, நம் நல்ல நேரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அப்போது தூக்கியடித்திருந்தால் அவள் தலைமாட்டில் யார் இருந்திருப்பார்கள்? இப்போது அவள் எழுந்து நடமாடுகிறாள். சார்ட் போடுவது அக்கா ஒருத்திதான். காலையில் பேசிய பேச்சை நினைக்க வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்கு எல்லோரும் கூடினார்கள். கொழுந்தன் முன்வரிசையில் இருந்தான். அக்கா கதவோரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, கையால மாத்தியிருக்கா?"

"மாத்தியிருக்கு சார். மூணு வாரம், சிவப்பை மஞ்சளாக்கியிருக்கு."

அதற்குள் புகார் டிப்போ முழுக்கப் பரவியிருந்ததால், எல்லாத் தலைகளும் கொழுந்தன் பக்கம் திரும்பின.

"யாரோட பட்டை?"

"என்னோடது சார். அவர் மேல பழி போட்டது என் தப்பு. அவர் கணக்கு சுத்தமா இருக்கு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "புகார் சொன்னதே நீதானேய்யா! சரி, மாத்தினது யாரு?"

"சார், அது வந்து..." என்று அக்கா எழுந்தாள்.

துருவி அவளைப் பேசவிடவில்லை.

"நான்தான் சார். எதையும் திறந்து நோண்டாம இருக்கமாட்டேன்னு உங்களுக்கே தெரியுமே. திங்கக்கிழமை தூரத்து டிப்போவுக்கு எத்தனை மணிக்கு சார் பஸ்?"