மெஷின் சத்தம்

சோறு பொங்கி வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. கனகம் எழுந்திருக்கவில்லை. அவள் விரல்கள் டைப்ரைட்டர் மேல் ஓடிக்கொண்டே இருந்தன.

"அடுப்பு அணையப்போவுது கனகம்," என்றான் கொளஞ்சிநாதன். நடுவில் தொங்கிய சேலைத் திரைக்கு அந்தப் பக்கம், கட்டிலில் கிடந்தான் அவள் புருஷன்.

"இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வந்துடறேங்க. வக்கீல் குமாஸ்தா சாயங்காலம் பண்ருட்டிலேர்ந்து வந்துடுவாரு. சும்மா இருக்க விடறாங்களா என்னை?"

வரி முடிந்து மணி டிங் என்றது. மெஷின் மேல் நகரும் வண்டியை இந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டு அடுத்த வரியை ஆரம்பித்தாள்.

சித்திரையில் சுரங்கத்தில் கால் தவறி விழுந்தவன் அவன். நிலக்கரி ஏற்றிப் போகும் பெல்ட்டுக்கு அடியில் உருளும் ரோலர்களைப் பழுது பார்க்கும் கான்ட்ராக்ட் வேலை. பெல்ட் ஓரமாக நடந்து போனாலே போதும், எந்த ரோலர் இறுகிக் கிடக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவான் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். இப்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி பாதிதான்.

டாக்டர் கனகத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "நரம்பு அறுந்துபோகலம்மா. உடம்புல தெம்பு ஏறினா எழுந்து உட்காருவார், நடக்கக்கூடச் செய்வார். ஆனா இப்படிப் பட்டினி கிடந்தார்னா ஆளே மிஞ்ச மாட்டார்."

பட்டினி அவனாகப் போட்டுக்கொண்டது. கல்யாணத்துக்கு முன் அவள் பாஸ் பண்ணிய டைப்ரைட்டிங் பரீட்சைதான் இப்போது குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியது. டைப் அடிக்க வேலை வராத நாளில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். "ஒண்ணும் வராத வூட்டுல எனக்கு எதுக்குச் சோறு? நீ துன்னு," என்பான். மெஷின் ஓடும் நாளில் மட்டும் தட்டை இழுத்து வைத்துக்கொள்வான்.

மெஷின் நின்றுவிடக் கூடாது. கனகத்துக்குச் சாமியிடம் கேட்க வேறு ஒன்றும் இருக்கவில்லை.

"கனகம்," என்று வாசலில் குரல் கேட்டது. முன்பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கலியம்மாள். அந்தக் குவார்ட்டர்ஸின் பின்கொட்டகையில்தான் இவர்கள் குடியிருந்தார்கள். "பாப்பாவுக்குக் கணக்குப் போட்டுப் பாக்க வேஸ்ட் பேப்பர் இருந்தா குடேன். முன்னல்லாம் கத்த கத்தயா குடுப்பியே."

வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கனகம் தலையை மட்டும் திருப்பினாள். கை நிற்கவில்லை. "இப்பல்லாம் தப்பா அடிச்சதக்கூட திருப்பிக் கேக்கறாங்கக்கா."

"அந்த ரெண்டு பேப்பர வெச்சிக்கினு கோட்டை கட்டப்போறாங்களாக்கும்." கலியம்மாளின் கண் அவள் முகத்தில் நின்றது. "மூக்குல என்னாடி ஈர்க்குச்சி?"

"மூக்குத்தி திருகு தேஞ்சிபோச்சி. ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்."

"போன மாசம் கம்மல் திருகு. இந்த மாசம் மூக்குத்தி திருகு. ஒன் திருகு மட்டும் எப்பிடித்தான் இப்பிடித் தேயுதோ." முணுமுணுத்துக்கொண்டே கலியம்மாள் போய்விட்டாள்.

உள்ளே கேட்டிருக்குமோ என்று கனகம் திரைப் பக்கம் பார்த்தாள். இன்னும் வேகமாகத் தட்டினாள். நடுவிரல் நுனி கன்றிப்போய், ஒவ்வொரு எழுத்துக்கும் சுரீரென்றது. இனிமேல் கழற்றிக் கொடுக்க உடம்பில் தாலி ஒன்றுதான் இருந்தது. நாளைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே இரண்டு வரி அடித்தாள்.

ஒருவழியாக மெஷினில் பேப்பர் சுற்றும் ரப்பர் ரோலரைக் கர்கர்ரென்று திருகிவிட்டு எழுந்து, சோறும் ரசமும் ஒரு முட்டையும் போட்டு எடுத்துப்போனாள்.

அவன் சாப்பிடுவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். பாதி முட்டையைப் பிட்டுத் தட்டின் ஓரமாக அவள் பக்கம் ஒதுக்கினான். மிச்சத்தை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டான்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு."

சித்திரைக்கு அப்புறம் இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. கரண்டி நிறைய அள்ளிப் போட்டாள். தான் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கை கழுவினதும் அவன் அவளுடைய வலது கையை இழுத்து, கன்றிய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"என்னைத் தூக்கிச் செவுத்துல சாத்தி உக்கார வை."

"வலிக்குங்க."

"வலிக்கட்டும்."

தலையணையை முதுகுக்குக் கொடுத்துத் தூக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நெற்றியெல்லாம் வேர்வை.

"அந்த மெஷினத் தூக்கியாந்து இப்பிடிக் கட்டில்ல வை. ரோலர் எப்பிடி இருக்குன்னு பாக்கறேன்."

"அதெல்லாம் நல்லாத்தாங்க ஓடுது. நாளைக்கு வேற நெறைய வேலை இருக்குது," என்றாள் கனகம் அவசரமாக.

கொளஞ்சிநாதன் அவள் முகத்தையே பார்த்தான். அவன் குரலில் கோபமில்லை.

"ரப்பர் தேஞ்சிருக்கும் கனகம். ஆடி மாசத்துலேர்ந்து பேப்பரே சொருவாமத்தான அடிச்சிக்கினு இருக்க."