ஒரே இழுப்பு

2019 ஆகஸ்டில், கவுந்தப்பாடி மஞ்சள் காடொன்றில், மகளிர் குழுவின் களையெடுக்கும் இயந்திரத்தைத் தெய்வானை முதன்முறையாக ஓட்டினாள். நன்றாக ஓட்டுபவளிடமே இனி அது இருக்கட்டும் என்று குழு சொல்லியிருந்தது. அதுவரை ஆயில் மாற்றி, ஃபில்டர் கழுவி, பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டவள் பூவாத்தாள்; அன்று காலையும் அவளே துடைத்து எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு எஞ்சின் கயிற்றை நாலைந்து தரம் இழுத்தால்தான் கிளம்பும். நேற்று வந்தவளுக்கு ஒரே இழுப்பில் கிளம்பியது. குழாயில் தங்கிய பெட்ரோல் தீர்ந்ததும், பாதி வரிசையில் நின்றது.

தெய்வானை குனிந்து பார்த்தாள். "ஏனுங்க்கா, பெட்ரோல் வால்வு மூடியிருக்குதுங்க. நீங்க மறக்கற ஆளில்லீங்களே?"

பூவாத்தாள் கையிலிருந்த துணியை மடித்தாள். "வயசாவுதல்ல கண்ணு."

தெய்வானை வால்வைத் திறந்து இழுத்தாள். ஒரே இழுப்பு. பொழுது சாயும்வரை அவளே ஓட்டினாள். பூவாத்தாள் பெட்ரோல் கேனோடு வரப்பில் கூடவே நடந்தாள்.