தோள் எலும்பில் ஒரு கேள்வி

“ஆடாம நில்லுக்கா. படம் கலங்கிடும்.”

அக்கா நின்றால்தானே! எக்ஸ்ரே பலகையில் இடது தோளைச் சாய்த்தபடி ஓயாமல் பேசினாள். குளியலறையில் வழுக்கி விழுந்தவள் மாதிரியே இல்லை.

வெளியே நடைவழியில் மாமாவின் செருப்புச் சத்தம், போவதும் வருவதுமாக.

அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே வேறொரு எக்ஸ்ரே நிலையம் இருக்கிறது. அதை விட்டு நான் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் வருவேன் என்றாளாம் அக்கா. “தம்பி கை பட்டாத்தான் எலும்பு தெரியுமாம் உங்கக்காவுக்கு” என்று வந்ததும் வராததுமாக அலுத்துக்கொண்டார்.

அக்காவின் பேச்சு முழுக்கச் சீன எழுத்து. அலுவலகத்துக்காக மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.

“அந்தக் காலத்து ராஜா எதைக் கேக்கணும்னாலும் மாட்டோட தோள் எலும்பைத்தான் கேப்பாராம்டா. சூடு வெச்சா விரிசல் விடும். அதான் பதில். கேட்ட கேள்வியை அதுலயே கீறி வெப்பாங்களாம். அங்கேருந்துதான் எழுத்தே வந்துச்சு.”

“மாடு என்னக்கா பாவம் பண்ணுச்சு?”

“அதுக்கு வாய் ஏது? எலும்புதான் பேசணும்.”

வலிக்காத கையால் காற்றில் வரைந்தாள். நெட்டுக்குத்தாக ஒரு கோடு, நடுவில் சின்னக் கிளை. குறி கேட்பதைக் குறிக்கும் எழுத்து அந்த விரிசலின் படமேதானாம். எலும்பில் கோணல்மாணலாக இருந்தது, தூரிகை வந்த பிறகு நிமிர்ந்துகொண்டதாம்.

“மூச்சைப் பிடி.”

அப்போதுதான் வாயை மூடினாள்.

படம் திரைக்கு வந்தது. தோள்பட்டை எலும்பில் கருப்பாக ஒரு கோடு.

வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு முறியும், காறை எலும்பு முறியும். முதுகுச் சதைக்குள் புதைந்து கிடக்கும் இந்த எலும்பு அதற்கெல்லாம் மசியாது. லாரியில் அடிபட்டவர்களிடம்தான் இதைப் பார்த்திருக்கிறேன்.

கீழே, விலா எலும்பில் இன்னொரு முறிவு. பழையது. எலும்பு வளர்ந்து தானாக மூடிக்கொண்ட வெள்ளைத் தடிப்பு. அக்காவுக்கு விலா முறிந்த கதை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

செருப்புச் சத்தம் நின்றது. கதவைத் தட்டினார்.

“என்ன மச்சான், இன்னும் ஆகலையா?”

அக்கா பலகையை விட்டு நகரவில்லை. திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“படிச்சிட்டியாடா?”

எழுந்து போய், கதவை உள்பக்கமாகத் தாழிட்டேன்.