ரம்ப மேசைக்கு ஒரு மூடுபலகை

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. வெர்னா ஹால்வர்சனின் ரம்ப மேசையிலிருந்து ஒரு தகடு திருடுபோய் எட்டு மாதங்களாகின்றன. திருடியவன் அவளுடைய கணவன் ஆர்விட்.

'பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்' என்பது அவன் வாதம். உரியவளைக் கேளாமல் எடுத்து, அவள் கேட்ட பின்பும் கொடாமல் இருப்பதற்குத் திருட்டு என்றுதான் பெயர். வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

மேசையின் நடுவே, ரம்பச் சக்கரம் எழும்பி வரும் வாயை அடைத்துக் கிடந்த தகடு அது. அது இல்லையென்றால் அறுக்கும் மரம் பள்ளத்தில் கவிழும். மேசை வெறும் இரும்புக் குவியல். அந்த மேசையில்தான் வெர்னா முப்பது ஆண்டுகளாக ஊர்ச் சமையலறைகளுக்கெல்லாம் அலமாரி செய்துவந்தாள். இந்த எட்டு மாதங்களில் ஓர் இழுப்பறைகூடச் செய்யவில்லை.

மேசை பழையது. அந்த அளவில் தகடு இப்போது எந்தக் கடையிலும் இல்லை. திருடியவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆகவேதான் தானே ஒன்று செய்துகொள்ள அவள் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள். மான் வேட்டை தொடங்கும் நாள். மினசோட்டாவின் அந்தச் சிற்றூரில் விடியுமுன்பே ஆண்கள் வேட்டைக்கான ஆரஞ்சு நிற அங்கியை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். இருட்டும்வரை ஒருவரும் திரும்ப மாட்டார்கள்.

மேசையின் வாயின்மேல் காகிதத்தை விரித்து, விளிம்போடு பென்சிலைத் தேய்த்து வடிவத்தை எடுத்தாள்.

பிளைவுட் பலகையை அந்த வடிவத்துக்குக் கைரம்பத்தால் அறுத்தாள். அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, பொருத்திப் பார்த்தாள். இறுகியது. மறுபடியும் தேய்த்தாள். மூன்றாம் முறை பலகை வாய்க்குள் பெருமூச்சுவிட்டதுபோல் அமர்ந்தது.

அமர்ந்தால் போதாது; மேசையோடு மட்டமாக இருக்க வேண்டும். பலகையின் நான்கு மூலைகளிலும் துளையிட்டுத் தலையில்லாத் திருகாணிகளை இறக்கியிருந்தாள். திருகினால் அந்த மூலை உயரும், தளர்த்தினால் தாழும். எஃகு அளவுகோலைக் குறுக்கே நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

பட்டறைக் கொட்டகையின் கதவு திறந்தது. பகல் பதினொன்றுகூட ஆகவில்லை. ஆரஞ்சு அங்கியோடு ஆர்விட் நின்றான்.

"என்ன, மானெல்லாம் லீவு போட்டுருச்சா?"

"காலையில சண்டையே போடாம சாண்ட்விச் கட்டிக் குடுத்து அனுப்புனியே, தாயே! கல்யாணமான நாள்லேருந்து நடக்காத அதிசயம். மரத்து மேல உக்காந்து யோசிச்சேன். வண்டிய எடுத்துட்டேன்."

அவன் பார்வை பலகையில் நிலைத்தது.

"புடுங்கிக்கோ. இன்னொண்ணு செய்வேன். பிளைவுட்டுக்கா பஞ்சம்?"

அவன் பிடுங்கவில்லை. கதவருகில் நின்றபடியே, வாசற்படியிடம் சொல்வதுபோலச் சொன்னான்:

"உனக்கென்ன, அன்னிக்கு நீ மயங்கிட்டே. மரத்தூளுக்குள்ள கைய விட்டு உன் ரெண்டு விரலையும் தேடி எடுத்தவன் நான்."



விபத்தன்று அறுபட்ட விரல்கள் பனிக்கட்டிக்குள் வைக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தன என்பதும், அவற்றை ஒட்டவைக்க முடியவில்லை என்பதும் வெர்னாவுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ்காரர்கள் எடுத்திருப்பார்கள் என்று அவளாகவே எண்ணிக்கொண்டாள். கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

மூன்று விரல்கள் மிஞ்சிய இடக்கையைப் புதுப்பலகையின்மேல் வைத்தாள்.

"பழைய தகட்டுல சக்கரத்தைச் சுத்திச் சந்து பெருசுடா. மெல்லிசாச் சீவுன துண்டு அதுல எறங்கிச் சிக்குச்சு. கையையும் சேத்து இழுத்துருச்சு. இதுல சந்தே கெடையாது. சக்கரம் தானா வெட்டிக்கிட்டு வர்ற அளவுதான். அந்தத் தகட்ட நீயே வெச்சுக்கோ. எனக்கு வேணாம்."

ஆர்விட் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

மேசையருகே வந்து முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, அளவுகோலின் அடியில் பார்த்தான்.

"முன்பக்கம் ஒசந்து நிக்குது. மரம் வந்து முட்டும்."

"மட்டமாத்தான் இருக்கு."

"மட்டம் போதாது, கெழவி. மயிரிழை தாழணும்."

திருகாணிச் சாவிக்காகக் கை நீட்டினான். அவள் கொடுத்தாள். முன்மூலைகள் இரண்டையும் கால் திருகு தளர்த்தினான்.

சக்கரம் எழும்பும் வழியை விட்டு விலக்கி, பலகையின்மேல் ஒரு கனத்த கட்டையை வைத்து, இருபுறமும் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். அடியில் ஓடும் சக்கரத்தை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். அது தன் பிளவைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வரும். உயர்த்தும் கைப்பிடி வெர்னாவிடம் இருந்தது. சுவிட்சின் அருகே ஆர்விட் நின்றான்.

"போடவா?"

"போடு."

மேசை உறுமியது. அவள் கைப்பிடியைச் சுற்றினாள். பலகையின் நடுவே முதலில் ஒரு கீறல் தெரிந்தது. பிறகு ஒரு பல். பிறகு பற்களின் மினுமினுப்பு. புதுமரத்தூள் ஊற்றுப்போல் எழுந்து இருவர்மேலும் படிந்தது.

ஆர்விட்டின் விரல் சுவிட்சைவிட்டு அகலவில்லை. அவன் கண்களை மூடவுமில்லை.

அன்பின் பெயரால் நீங்களும் ஒன்றை ஒளித்துவைத்திருப்பீர்கள். ஒருவருடைய கார்ச் சாவி, ஒருவருடைய ஏணி, ஒருவருடைய சமையற்கத்தி. உங்கள் அச்சம் நியாயமானதாகவே இருக்கட்டும். அதை அவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டு, சுவிட்சின் பக்கத்தில் போய் நில்லுங்கள்.