நிற்காத குமிழி

"இன்னும் குமிழி வருதாடா?" என்று கேட்டார் ஸ்தாமென்.

ராட்கோ குனிந்து, அப்பாவின் கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலைப் பார்த்தான். "வருதுப்பா."

பெர்னிக் நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் தூசி தின்ற நுரையீரல். ஒரு நாள் இருமலில் ஓட்டை விழுந்தது. விலாவில் செருகிய குழாய், உள்ளே கசிகிற காற்றை உறிஞ்சி பாட்டில் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தது. குமிழி நின்றால்தான் வீடு என்றார்கள். இருபத்தைந்து நாளாகியும் நின்றபாடில்லை.

இதயம் பலவீனம் என்பதால் ஆபரேஷன் கிடையாது. டாக்டர் கானேவா, கிழவரின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதையே குழாய் வழியாக நெஞ்சுக்குள் செலுத்தினார். அது உறைந்து ஓட்டையை அடைக்குமாம். இரண்டு தடவை செய்தாயிற்று. பாவம், கையெல்லாம் ஊசி குத்திய நீலம்.

முதல் வாரம் முழுக்க கிழவருக்கு மனைவி பென்காவின் நினைப்புதான். ஏன் வரவில்லை என்று நச்சரிப்பார். வழியெல்லாம் பனி வழுக்குகிறது, முழங்கால் வேறு வலி என்பான் ராட்கோ. அவளுக்குக் காது கேட்காது என்பதால் போனில் பேசவும் வழியில்லை. பிறகு கிழவர் அதை விட்டுவிட்டு மகனின் தாடியைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்.

"என்னடா, பாதிரியாராகப் போறியா?"

"சவரம் பண்ண எங்கப்பா நேரம்?"

அன்று காலை கானேவா எக்ஸ்ரேயோடு வந்தார். "நுரையீரல் நல்லா விரிஞ்சிருக்கு. அப்புறம் இந்தக் காத்து எங்கேருந்து வருது?"

விலாவை ஒட்டிக் குழாயை இடுக்கியால் இறுக்கினார். நுரையீரல் காற்றென்றால் குமிழி நிற்க வேண்டும். நிற்கவில்லை. குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். இணைப்பில் பிளாஸ்திரி உரிந்து, மூட்டு லேசாகக் கழன்றிருந்தது. அழுத்திப் பொருத்தினார். குமிழி நின்றது. இடுக்கியை எடுத்த பிறகும் வரவில்லை.

"ஓட்டை அடைஞ்சு எத்தனை நாளாச்சோ! ரெண்டு நாள் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடலாம்." ராட்கோவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, புது பிளாஸ்திரி எடுத்துவரப் போனார்.

ராட்கோ அவசரமாக அப்பா பக்கம் திரும்பினான். அப்பா இப்போதைக்கு வீடு திரும்பக் கூடாதென்று அவன் தினமும் வேண்டிக்கொண்டது உண்மை. ஆனால் குழாயைத் தொட்டதில்லை.

"சத்தியமா நான் இல்லப்பா."

"தெரியும். நான்தான்."

"ஏன்ப்பா? வீட்டுக்குப் போக வேணாமா?"

ஸ்தாமென் கையை நீட்டி மகனின் தாடியைத் தடவினார்.

"வீட்டுல சாவு விழுந்தாத்தானேடா நம்ம ஆம்பளைங்க நாப்பது நாள் சவரம் பண்ணாம இருப்பாங்க? எனக்கு ரெண்டு வாரமாவே தெரியும்."

அவர் விரல்கள் மறுபடியும் குழாயின் மூட்டைத் தேடின.

"நான் இங்க இருக்கற வரைக்கும், உங்கம்மா அங்க வீட்டுல இருக்கா."