எழுதாததெல்லாம் விபத்து

ஜன்னல் இல்லாத அறையில் ஏசி ஒரே சுருதியில் முனகுகிறது. என் திரையில் ஒரு பெண்ணின் தீக்காயக் கோப்பு. காயத்துக்கும் காரணத்துக்கும் காப்பீட்டுக் குறியீடு போடுவது என் வேலை. கணவர் உள்ளே வந்தால் அவள் மூச்சை அடக்கிக்கொள்கிறாள் என்று நர்ஸ் எழுதியிருக்கிறார். தீ எப்படிப் பற்றியது என்று டாக்டர் எழுதவில்லை. "அக்கா, இது விபத்தாத் தெரியல. டாக்டரைக் கேட்டீங்களா?" என்று மெல்லக் கேட்கிறேன். டீம் லீடர் அக்கா நாற்காலியோடு உருண்டு வருகிறார். "கேட்டேன், கிணத்துல போட்ட கல்லு. டாக்டர் எழுதலைன்னா விபத்து, அதான் விதி. கோடு போடச் சொன்னா ரோடு போடாதடி." சிரிக்காமல் என் மௌஸையே பார்க்கிறார். 'விபத்து' என்பதை அழுத்துகிறேன். அடுத்த கேள்வி திறக்கிறது: நோயாளி எங்கே அனுப்பப்படுகிறார்? இதை மட்டும் டாக்டர் தெளிவாக எழுதியிருக்கிறார். வீட்டுக்கு.