பதில் வரும்வரை

பயிற்சி ஆசிரியர் பாடத்தை நடத்தி முடித்ததும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்த வழிகாட்டி ஆசிரியை அவரை ஓய்வறைக்கு அழைத்துப் போனார்.

"போர்டுல எழுத்து நல்லா இருக்கு. குரலும் கணீர்னு இருக்கு."

"நன்றி மேடம்."

"ஆனா கேள்வியைக் கேட்டுட்டு பதிலையும் நீங்களே சொல்லிடறீங்க. பிள்ளைங்க வாயைத் திறக்கவே விடறதில்லை."

"நேரம் வீணாகக் கூடாதுன்னுதான் மேடம்."

"கேட்டா காத்திருக்கணும். அதைக் கத்துக்கத்தான் இந்தப் படிப்பே."

அவர் தலையைச் சொறிந்தார். பி.எட்.டும் எம்.ஏ.வும் சேர்ந்த பல்கலைக்கழகப் படிப்பு. இந்த மேடம் கையெழுத்துப் போடாமல் பட்டம் கிடையாது.

"மாத்திக்கறேன் மேடம். ரொம்ப நாள் பழக்கம்."

"தெரியும். நான் ஸ்கூல் முடிச்சப்போ, 'மேல என்ன படிக்கப் போறே?'ன்னு கேட்டீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'டீச்சருக்குப் படி, அதான் உனக்கு நல்லது'ன்னு நீங்களே சொல்லி முடிச்சிட்டீங்கப்பா."

பள்ளிக்குள் 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தார்கள். மகள் 'அப்பா' என்றதும், ரிட்டயரான கையோடு படிக்கச் சேர்ந்த மனிதருக்கும் அது மறந்தே போனது.

"நீ என்னம்மா படிக்க ஆசைப்பட்டே? டாக்டருக்கா..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

காத்திருந்தார். மணி அடித்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மகள் எதிரே இருந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த பீரியட் எனக்கு கிளாஸ் இல்லை. உட்காருங்கப்பா, சொல்றேன்."